யூரியாவைத் தூக்கும் முன் ஒரு செடியைத் தோண்டுங்கள்: கடலை, பயறு வயலில் வேர்முடிச்சுக் கோளாறுகள்

ஆடியில் போட்ட வேர்க்கடலைக்கு ஆவணி பிற்பகுதியில் கேள்வி வர ஆரம்பிக்கும். "இலை வெளுத்துக்கினு வருது, ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா வீசட்டுமா?" குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு, சோளிங்கர் என்று எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் என் பதில் கேள்வியாகத்தான் இருக்கும்: வேரைப் பார்த்தீர்களா?

பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். இலையைப் பார்த்து முடிவெடுத்துப் பழகிவிட்டோம். நெல்லுக்கும் கரும்புக்கும் அந்தப் பழக்கம் ஓரளவு சரி. கடலை, உளுந்து, பச்சைப்பயறு, துவரை, காராமணி, கொள்ளு ஆகியவை காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுக்கும் பயிர்கள். வேரில் பாக்டீரியா குடியிருக்கும் சிறு உருண்டைகளான முடிச்சுகளில்தான் அது நடக்கும். அந்த வேலை நடக்கிறதா, நின்றுவிட்டதா என்பதை வேரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பழைய வட ஆற்காட்டின் செம்மண் மானாவாரியில் விதை, உழவு, ஆள்கூலி போக மிஞ்சுவதே கொஞ்சம். தேவையில்லாத யூரியாவுக்குப் போகும் பணமும், அந்த யூரியாவால் முடிச்சு கெட்டுப் போவதும் இரட்டை நஷ்டம்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. செடியைத் தோண்டிப் பாருங்கள். கண்ணில் படுவது எந்த அறிகுறியோ அங்கே போய்ப் படியுங்கள்.

தோண்டுவதும் பார்ப்பதும்

வேர்க்கடலையை 30 முதல் 40 நாளில் பாருங்கள். உளுந்து, பச்சைப்பயறு என்றால் 25 முதல் 30 நாள். அதற்கு முன்னால் பார்த்தால் முடிச்சு பொடியாக, வெளுப்பாகத்தான் இருக்கும். அதை வைத்துப் பயந்துவிடக் கூடாது.

செடியைக் கையால் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் முடிச்சில் பாதி மண்ணிலேயே நின்றுவிடும், "ஒன்னுமே இல்லை" என்ற பொய்யான முடிவு கிடைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது, செடிக்கு ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் களைக்கொட்டால் குத்தி, முக்கால் அடி ஆழத்துக்கு மண்கட்டியோடு தூக்குங்கள். ஒரு வாளித் தண்ணீரில் அப்படியே இறக்கி, மண் தானாகக் கரையும் வரை விட்டுவிடுங்கள். வெளுத்த இடத்தில் நாலைந்து செடி, நன்றாக இருக்கும் இடத்தில் நாலைந்து செடி என இரண்டு பக்கமும் எடுங்கள். ஒப்பிட ஆள் இல்லாமல் ஒற்றைச் செடி எதையும் சொல்லாது.

வேர்க்கடலையில் முடிச்சு பெரும்பாலும் பக்கவேர் கிளம்பும் கக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். மற்ற பயறு வகைகளில் பாக்டீரியா வேர்த்தூவி வழியாக உள்ளே நுழையும். கடலையிலோ பக்கவேர் புறப்படும்போது ஏற்படும் விரிசல் வழியாக நுழைகிறது. ஆகவே நுனிவேரில் தேடி ஏமாறாதீர்கள். ஆணிவேரின் மேல்பாதியில், கிளைக்கும் இடங்களில் பாருங்கள். கேழ்வரகு அளவிலிருந்து மிளகுக்குச் சற்றுக் குறைவான அளவு வரை உருண்டையாக இருக்கும்.

இப்போது பெரிய முடிச்சு ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி இரண்டாக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பு அல்லது நல்ல ரத்தச் சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெள்ளைத் துணியிலோ தாளிலோ அழுத்தினால் செந்நிறக் கறை படியும், நகத்திலும் கொஞ்ச நேரம் நிற்கும். வெள்ளை என்றால் வேலை இன்னும் தொடங்கவில்லை, அல்லது தொடங்கப் போவதே இல்லை. பச்சை, பழுப்பு என்றால் வேலை முடிந்துவிட்டது அல்லது இடையில் நின்றுவிட்டது.

அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின் என்ற பொருளின் நிறம். நம் ரத்தத்தில் இருப்பதைப் போலவே இதிலும் இரும்பு உண்டு. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தாலும் அதன் இரு அணுக்களும் மிக உறுதியாகப் பிணைந்திருப்பதால் செடியால் நேரடியாக எடுக்க முடியாது. முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா நைட்ரஜனேஸ் என்ற நொதியால் அந்தப் பிணைப்பை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. நைட்ரஜனேஸுக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. ஆனால் பாக்டீரியா உயிர்வாழ ஆக்சிஜன் வேண்டும். அளவாக, கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜனைக் கொண்டுபோய்க் கொடுப்பது லெக்ஹீமோகுளோபின். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க, செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகும். அந்த ஆற்றல் முழுவதும் இலை தயாரித்த சர்க்கரையிலிருந்து வர வேண்டும். செடி கொடுக்கும் கூலி அது. மண்ணில் தழைச்சத்து சும்மா கிடைத்தால் செடி கூலி கொடுக்காது, பட்டினி கிடக்கும் செடியால் கொடுக்க முடியாது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்குமேல் இந்த இரண்டில் ஒன்றில் போய்தான் நிற்கும்.

வேரில் முடிச்சே இல்லை

"வேரு சுத்தமா கீது தம்பி, ஒரு முண்டு கூட இல்ல." இப்படி ஒரு அக்கா சொன்னால், நான் அடுத்துக் கேட்பது அந்த நிலத்தின் பழைய கதையை.

கடலையோ காராமணியோ துவரையோ மூன்று நான்கு வருடத்துக்குள் விளைந்த நிலமா? அப்படியானால் அங்கே பொருத்தமான பாக்டீரியா ஏற்கெனவே இருக்கும். கடலை, காராமணி, உளுந்து, பச்சைப்பயறு, துவரை, கொள்ளு எல்லாம் மெதுவாக வளரும் ஒரே கூட்டத்துப் பாக்டீரியாவைப் பகிர்ந்துகொள்பவை. காராமணி விளைந்த மண்ணில் கடலைக்கும் முடிச்சு வைக்கும். கொண்டைக்கடலையும் சோயாவும் அப்படி இல்லை. அவற்றுக்குத் தனித்தனி இனம் வேண்டும். கடலைக்கென்று ரைசோபியம் உயிர் உரம் கேட்டு, கடைக்காரர் கையில் கிடைத்த சோயா பாக்கெட்டைக் கொடுத்திருந்தால் விதையில் கலந்தும் பலனில்லை. பாக்கெட்டில் எந்தப் பயிருக்கு என்று அச்சிட்டிருக்கும், வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

ஏரிப் பாசனத்தில் பல வருடம் நெல் மட்டுமே நட்ட நிலம், கரும்பு நின்று எடுத்த நிலம், மேடு வெட்டிச் சமன்செய்து அடிமண் மேலே வந்த நிலம், இவற்றில் முடிச்சு இல்லாமல் போவது சகஜம். இங்கே ரைசோபியம் கலக்காமல் விதைக்கக் கூடாது. பழைய கடலைக்காட்டில் கலந்தால் பெரிய வித்தியாசம் தெரியாமலும் போகலாம். அங்கே உள்ளூர்ப் பாக்டீரியாவே போதுமான அளவு இருப்பதுதான் காரணம், பாக்கெட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

கலந்தும் முடிச்சு இல்லையா? பாக்கெட் உயிரோடு இருந்ததா என்று பாருங்கள். இந்தியாவில் உயிர் உரங்கள் 2006 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. தூள் வடிவில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி, திரவ வடிவில் ஒரு மில்லிக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை தயாரிப்பு இடத்தில் சரியாக இருந்திருக்கும். அதன் பிறகு நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக் கடையில் சித்திரை, வைகாசி முழுக்கக் கிடந்து, வண்டியின் சீட்டுக்கடியில் வீட்டுக்கு வந்து, பூச்சிமருந்து டப்பாக்களோடு அலமாரியில் இருந்தால் என்ன மிஞ்சும்? காலாவதித் தேதியைப் பார்ப்பதோடு, அது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதையும் பார்த்து வாங்குங்கள். விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ முன்கூட்டிச் சொல்லிவைத்து, விதைப்புக்குச் சில நாள் முன்பு வாங்குவது நல்லது. வீட்டில் மண்பானைப் பக்கம், குளிர்ந்த நிழலில் வையுங்கள்.

அடுத்த சந்தேகம் பூசணக்கொல்லி. திரமோ கார்பன்டாசிமோ கலந்த கையோடு ரைசோபியத்தையும் கலந்தால் பாக்டீரியாவை நாமே கொல்கிறோம். முதலில் பூசணக்கொல்லி, 24 மணி நேரம் கழித்து உயிர் உரம். என்னைக் கேட்டால், கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணம் போதும். அது ரைசோபியத்தோடு சண்டை போடாது, வேரழுகலையும் தடுக்கும்.

கலக்கும் முறையிலும் கவனம் வேண்டும். எக்டருக்கு 200 கிராம் பாக்கெட் 3 என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் ஒன்றே கால் பாக்கெட் வரும். கடலை விதை பருமன் பெரிது, அளவும் அதிகம், அதனால் ஏக்கருக்கு இரண்டாகவே வைத்துக்கொள்ளுங்கள். கூடினால் கெடுதல் இல்லை. உயிர் உரத்தை விதையில் ஒட்டவைக்கும் அரிசிக் கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான கஞ்சியில் கொட்டினால் அங்கேயே முடிந்தது கதை. வேர்க்கடலைப் பருப்பின் மேல்தோல் மெல்லியது, ஈரம் பட்டதும் உரியும். உளுந்தைப் பிசைவதுபோல் பிசையாமல், சாக்கின் மேல் பரப்பிக் கஞ்சிக் கலவையைத் தெளித்து, சாக்கின் இரண்டு முனையையும் பிடித்து இரண்டு பேர் மெல்ல உருட்டினால் தோல் உரியாமல் ஒட்டும். அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தால் விதைமேல் ஒட்டியிருக்கும் பாக்டீரியா தாங்காது. வெயில் காலத்தில் மேல்மண் சூடு 40 டிகிரியை எளிதாகத் தாண்டும். புழுதி விதைப்பு தவிர்க்க முடியாத நிலம் என்றால், விதையோடு கலப்பதற்குப் பதில் மண்ணில் இடுங்கள்: ஏக்கருக்கு 4 பாக்கெட், 10 கிலோ மக்கிய தொழுஉரம், 10 கிலோ மண் ஆகியவற்றைக் கலந்து, மழை பெய்து ஈரம் வந்தபின் சால் ஓரமாகத் தூவிக் கிளறிவிடுங்கள்.

இந்தப் பட்டத்துக்கு (பருவத்துக்கு) என்ன செய்வது? 30 நாளில் முடிச்சே இல்லாவிட்டால் ஈரத்தில் ஏக்கருக்கு 15 முதல் 20 கிலோ யூரியா ஒரு முறை கொடுங்கள். இந்த ஒரு நிலையில் யூரியா நியாயமானது. உளுந்து, பச்சைப்பயறுக்குப் பூக்கும்போதும் அதன்பின் 15 நாள் கழித்தும் 2 சதவீத டிஏபி உரக் கரைசலைத் தெளியுங்கள். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முந்தின இரவு ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து 200 லிட்டராக்கித் தெளிப்பது வழக்கம்.

முடிச்சு நிறைய உண்டு, உள்ளே வெள்ளை

முதலில் வயதைப் பாருங்கள். 20 நாள் செடி என்றால் பத்து நாள் பொறுத்து மறுபடி தோண்டுங்கள்.

35, 40 நாளிலும் வெள்ளையாகவே, பொடிப்பொடியாக வேர் முழுக்கச் சிதறிக் கிடந்தால், உள்ளூர்ப் பாக்டீரியா நுழைந்திருக்கிறது, வேலை செய்யவில்லை. உண்டுவிட்டுச் சும்மா இருக்கும் இனங்களும் மண்ணில் உண்டு. நல்ல முடிச்சு எண்ணிக்கையில் குறைவாக, அளவில் பெரிதாக, ஆணிவேருக்கு அருகில் கொத்தாக இருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அடுத்த பட்டத்தில் நல்ல வகையை விதையோடு அதிக அளவில் கலந்தால்தான் உள்ளூர்க் கூட்டத்தை முந்தும்.

மணிச்சத்துப் (பாஸ்பரஸ்) பற்றாக்குறையும் இதே அறிகுறியைக் காட்டும். அத்தனை ஏடிபியும் மணிச்சத்து இல்லாமல் உருவாகாது. நம் செம்மண் மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு விடாது. மானாவாரிக் கடலைக்கு எக்டருக்கு 10 கிலோ தழை, 10 கிலோ மணி, 45 கிலோ சாம்பல்சத்து (பொட்டாஷ்) என்பது பரிந்துரை. இதில் தழையைப் போட்டுவிட்டு மணியை விட்டுவிடுபவர்களின் வயலில்தான் இந்த வெள்ளை முடிச்சு அதிகம். அடியுரமாக சூப்பர் பாஸ்பேட் போடுங்கள், அதில் சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்தே கிடைக்கும். மண்ணில் உள்ள மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவையும் ரைசோபியத்தோடு சேர்த்தே விதையில் கலக்கலாம்.

மாலிப்டினம் நைட்ரஜனேஸின் மையத்தில் இருக்கும் உலோகம். அமில மண்ணில் செடிக்குக் கிடைக்காமல் போகும். மலையடிவாரத்தில் கார அமில நிலை (pH) 6க்குக் கீழே உள்ள நிலத்தில் மட்டும் இதைச் சந்தேகப்படுங்கள். அங்கேயும் முதல் வைத்தியம் சுண்ணாம்புதான். மண் பரிசோதனை இல்லாமல் மாலிப்டேட் வாங்க ஓடாதீர்கள்.

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் மாந்தோப்பில் ஊடுபயிராக உளுந்து போடுபவர்களுக்கு ஒரு சொல்: மரம் வளர்ந்து நிழல் மூடிய தோப்பில் முடிச்சு வெளுத்துத்தான் இருக்கும். இலைக்கு வெயில் இல்லாதபோது வேருக்குச் சர்க்கரை இறங்காது. எந்த உரமும் அதைச் சரிசெய்யாது. இளந்தோப்பில் போடுங்கள், மூடிய தோப்பில் விட்டுவிடுங்கள்.

முடிச்சு நல்ல சிவப்பு, இலை மட்டும் மஞ்சள்

தழைச்சத்தை மறந்துவிடுங்கள். எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். தழைச்சத்துக் குறைவு என்றால் அடி இலை முதலில் சமமாக வெளுக்கும்.

கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்புக்கல் கலந்த நிலத்தில், நாலு நாள் விடாமல் மழை பெய்து ஈரம் நின்றபின் கடலையில் இது திட்டுத்திட்டாக வரும். மண்ணில் இரும்பு இருக்கும், செடியால் எடுக்க முடியாது. 10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 10 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலை நேரத்தில் தெளியுங்கள், பத்து நாள் கழித்து மீண்டும் ஒரு முறை. இதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். லெக்ஹீமோகுளோபினுக்கும் நைட்ரஜனேஸுக்கும் இரும்பு வேண்டும். கடலையில் இரும்புக் குறை நீடித்தால் இன்று சிவப்பாக இருக்கும் முடிச்சின் வளர்ச்சியும் நின்றுவிடும்.

கொழுந்து இலை நரம்போடு சேர்ந்து சமமாக வெளுத்தால் கந்தகம். கடலைக்கு 40, 45 நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டால் கந்தகமும் வரும், காய்க்குத் தேவையான கால்சியமும் வரும்.

உளுந்திலும் பச்சைப்பயறிலும் பளீரென்ற மஞ்சள் திட்டு, பச்சையோடு கலந்து தேமலாகப் பரவினால் அது மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். ஆரம்பத்தில் கண்ட செடிகளைப் பிடுங்கி அழியுங்கள், அடுத்த முறை, உளுந்தில் வம்பன் 8 போல, எதிர்ப்பு உள்ள ரகத்துக்கு மாறுங்கள்.

கொடி கருகருவென்று ஓடுகிறது, முடிச்சும் இல்லை காயும் இல்லை

பார்க்க அழகான வயல், பலரும் பாராட்டிவிட்டுப் போவார்கள். மண்ணில் நைட்ரேட் நிறைந்திருக்கிறது, அதனால் செடி முடிச்சு வைக்க முனையவே இல்லை. முந்தின பயிருக்குப் போட்ட உரத்தின் மிச்சம், விதைத்த இருபதாம் நாளில் வீசிய யூரியா, அல்லது கோழி எரு. கோழிப்பண்ணை எருவைத் தொழுஉரத்துக்கு மாற்றாக அதே அளவில் இறைப்பது இப்போது பரவலாகிவிட்டது. அதில் தழைச்சத்து பலமடங்கு அதிகம், சீக்கிரம் கரையும். கோழி எருவைக் கேழ்வரகுக்கோ நெல்லுக்கோ போட்டு, அதற்கு அடுத்த பயிராகக் கடலையைக் கொண்டுவாருங்கள். இந்தப் பட்டத்தில் மேலுரத்தை நிறுத்துவது தவிர வேறு வழியில்லை. மண்ணில் நைட்ரேட் குறையும்போது தாமதமாகவேனும் கொஞ்சம் முடிச்சு வரும்.

முடிச்சு மாதிரி இருக்கிறது, உதிர மாட்டேன் என்கிறது

வேர்முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தள்ளினால் கழன்று வரும். வேரே பருத்து வீங்கி, தள்ளினால் வேர்தான் அறுந்து வருகிறது என்றால் அது நூற்புழு. காய்கறி, குறிப்பாகக் கத்திரி, தக்காளி, வெண்டை தொடர்ந்து போட்ட கிணற்றடி நிலத்தில் உளுந்து, பச்சைப்பயறுக்கு இது வரும். வேப்பம் புண்ணாக்கு ஏக்கருக்கு 100 கிலோ, கோடை உழவு, இடையில் செண்டுமல்லி அல்லது சோளம் என்று பயிர்ச்சுழற்சி. இதை நல்ல முடிச்சு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவர்கள் நிறைய பேர். அதனால்தான் தள்ளிப் பார்க்கச் சொல்கிறேன்.

முடிச்சு உள்ளே பச்சை, பழுப்பு, அல்லது நசுங்கிக் கூழாக இருக்கிறது

உளுந்து காய் முற்றும் கட்டத்தில் என்றால் இயல்பு. முடிச்சின் ஆயுள் முடிந்தது.

பூக்கும் முன்பே இப்படி ஆனால் தண்ணீர்தான் காரணம், அதிகமானாலும் குறைந்தாலும். ஐப்பசி மழையில் வடிகால் இல்லாமல் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால் முடிச்சுக்கு மூச்சு நின்றுவிடும். பாத்திக் குறுக்கே வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டு, மேல் காய்ந்ததும் களைக்கொட்டு போட்டுக் காற்று உள்ளே போகச் செய்யுங்கள். வறட்சியில், செடி வாடுவதற்கு முன்பே முடிச்சின் வேலை குறைந்துவிடும். கடலைக்குப் பூக்கும் நேரத்திலும் காயாகும் விழுது மண்ணில் இறங்கும் நேரத்திலும் ஒரு உயிர்த்தண்ணீர் கொடுக்க முடிந்தால் பண்ணைக்குட்டைத் தண்ணீரை அதற்கே வைத்திருங்கள்.

பாலாற்றோர நிலம்: முளைப்பு சுமார், முடிச்சு மிகக் குறைவு, இலை ஓரம் கருகல்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் தொழிலின் கழிவுநீர் கலந்த கிணறுகள் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது நம் பழைய வட ஆற்காட்டு நிலத்துக்காகத்தான். தீர்ப்பு வந்து இத்தனை வருடம் ஆகியும் அந்த உப்பு பல கிணறுகளில் இருக்கிறது. அங்கே விவசாயம் செய்பவர்களுக்கு "ரைசோபியம் கலங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அநியாயம்.

உப்பு நிலத்தில் நடப்பது இதுதான்: செடியை விட முடிச்சு உண்டாகும் கட்டம் உப்புக்கு மிகவும் நோகும். பாக்டீரியா தனியாக மண்ணில் ஓரளவு உப்பைத் தாங்கும், செடியும் தட்டுத்தடுமாறி வளரும், ஆனால் இரண்டும் சேரும் கட்டம் நடக்காது. அதனால் செடி உயிரோடு இருக்கும், முடிச்சு இருக்காது. மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் தனித்தனியாகச் சோதியுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மண்ணின் மின்கடத்துதிறன், நீரால் செறிவூட்டிய மண்ணின் சாற்றில், மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே கடலை விளைச்சல் விழத் தொடங்கும், 4க்கு மேல் உவர் மண் என்பது கணக்கு. உளுந்தும் பச்சைப்பயறும் அவ்வளவு கூடத் தாங்காது.

கார அமில நிலை 8.5க்கு மேல் போய், மழை பெய்ததும் மண் சேறாகி, காய்ந்ததும் பாளமாக இறுகினால் அது சோடியம் கூடிய களர். ஜிப்சம் தேவை, எவ்வளவு என்பது சோதனை முடிவைப் பொறுத்தது. ஜிப்சம் போட்டபின் நல்ல தண்ணீர் தேங்கி வடிய வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் கொட்டுவது வீண். வெறும் உவர் மட்டும் என்றால் ஜிப்சத்தால் பயனில்லை, மழைநீரைத் தேக்கி உப்பைக் கீழே கழுவுவதுதான் வழி. கிணற்று நீரே உப்பு என்றால் கோடையில் பயறு போடாதீர்கள். வடகிழக்கு மழை உப்பைக் கழுவிய பின், மழை ஈரத்திலேயே முடியும் பயிராக வையுங்கள்.

அந்த நிலத்தில் முதலில் போட வேண்டியது தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடி. உவரையும் களரையும் தண்ணீர் தேங்குவதையும் தாங்கி முடிச்சு வைக்கும். ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாளில் மடக்கி உழுதுவிடுங்கள். இரண்டு மூன்று பட்டம் இப்படிச் செய்தபின் பயறு வகையைச் சின்ன இடத்தில் போட்டு வேரைப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தது, அடுத்த பயிருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை

இந்தப் புகாரைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். கடலை போட்டால் மண் வளமாகும் என்று கேட்டுக் கேட்டு நம்பியிருக்கிறோம். அடுத்துப் போட்ட கேழ்வரகு வெளுத்து நிற்கும்போது நம்பிக்கை போய்விடுகிறது.

கணக்குப் போடுங்கள். வேர்க்கடலைப் பருப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய நாலரை பங்கு தழைச்சத்து. ஒரு ஏக்கரில் 500 கிலோ பருப்பு எடுத்தால் 22 கிலோ தழைச்சத்து மூட்டையோடு மண்டிக்குப் போகிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது சுமார் 21 கிலோதான். கொடி ஒரு டன் என்றால், அதில் ஒன்றரை சதவீதம் வைத்தாலும் இன்னொரு 15 கிலோ. நாம் கடலையை வேரோடு பிடுங்குகிறோம், ஆய்ந்துவிட்டுக் கொடியைப் போராகப் போட்டு மாட்டுக்கு வைக்கிறோம், அல்லது விற்றுவிடுகிறோம். முடிச்சு காற்றிலிருந்து எடுத்ததில் பெரும்பகுதி வயலை விட்டுப் போய்விட்டது. மண்ணில் நின்றது உதிர்ந்த இலையும் அறுந்த வேரும்தான்.

கொடியை மாட்டுக்குப் போடுவது தவறே இல்லை, நல்ல தீவனம் அது. ஆனால் அந்த மாட்டின் சாணமும் மூத்திரமும் அதே காட்டுக்குத் திரும்ப வேண்டும். மாடு கழிக்கும் தழைச்சத்தில் கணிசமான பங்கு மூத்திரத்தில் போகிறது, அதை மண்தரை குடித்துவிடுகிறது. தொழுவத்தில் பழைய வைக்கோலையோ காய்ந்த இலையையோ பரப்பி, ஊறியதை எருக்குழியில் போட்டு மண்ணால் மூடினால் பாதியாவது காப்பாற்றலாம். கொடியை விற்கிறீர்கள் என்றால் அந்த விலையில் முக்கால் யூரியா மூட்டையின் விலையையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் அதற்குப் பக்கமாகத்தான் வயலிலிருந்து போகிறது.

மண்ணுக்கு மிச்சம் வேண்டும் என்றால் வேறு பயிர்களையும் கூட வையுங்கள். கடலையின் நடுவே துவரைச் சால் விட்டால், அது ஐந்தாறு மாதம் நின்று இலையைக் கொட்டிக்கொண்டே இருக்கும், வேரும் ஆழம் போகும். உளுந்தைச் செடியோடு அறுக்காமல் காயை மட்டும் பறித்துக்கொண்டு செடியை மடக்கி உழலாம். ஆள் செலவு கூடும் என்பது உண்மை, சின்ன நிலத்தில் வீட்டு ஆளாகச் செய்யலாம். பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதைத்து, பூ எடுக்கும் நேரத்தில், அதாவது 45 நாள் சுற்றில் மடக்குங்கள். பூத்து முற்றிவிட்டால் தண்டு நாராகி மக்க நாளாகும். இன்னொரு பசுந்தாள் உரச் செடியான கொழிஞ்சி மெதுவாக வளரும், விதைத்தோல் கடினம், ஆனால் ஆடுமாடு அதிகம் தொடாது, வறட்சியைத் தாங்கும். ஒரு முறை நன்றாகக் காலூன்றிவிட்டால் அடுத்தடுத்த வருடம் உதிர்ந்த விதையிலேயே முளைக்கும்.

மடக்கி உழுததையும் வீணாக்கிவிட முடியும். பச்சைத்தழை சில வாரங்களிலேயே மக்கி நைட்ரேட்டாகிவிடும். ஆடிக் கடலையைப் பிடுங்கிய நிலம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெறுமனே கிடந்தால் அந்த நைட்ரேட் தண்ணீரோடு வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். பிடுங்கிய ஈரம் காயும் முன் கேழ்வரகோ சோளமோ விதைத்துவிட்டால் அதை அந்தப் பயிர் பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு மிஞ்சியது என்று உங்கள் நிலமே சொல்லும். அந்தக் கேழ்வரகில் நாலு பாத்திக்கு வழக்கமான யூரியா, நாலு பாத்திக்குக் கால் பங்கு குறைத்து, நாலு பாத்திக்குப் பாதியாகக் கொடுங்கள். கழி நட்டு அடையாளம் வையுங்கள். கதிரைத் தனித்தனியாக அறுத்துத் தனித்தனியாகப் படியால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி போட்ட பாத்தியிலும் படி குறையவில்லை என்றால், அடுத்த வருடம் யூரியாக் கடைக்குப் போகும்போது எத்தனை மூட்டை கேட்பது என்று தெரிந்துவிடும்.